இயல் 6: இருமுனை ஆன்டெனாவுக்கு ஒரு கோஆக்சியல் பேலன்

கண்ணாடியிழை விமானத்தின் நிமிர்ந்த வால் தகட்டுக்குள் செம்பு நாடாவால் அமைத்த இருமுனை ஆன்டெனாவை நேரே கேபிளில் இணைத்துவிட்டாலும் ரேடியோ பேசும். கட்டுப்பாட்டுக் கோபுரம் பதிலும் சொல்லும். அதனாலேயே பேலன் என்பது வேண்டாத வேலை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் பேச்சுப் பொத்தானை அழுத்தியதும் எரிபொருள் அளவுகாட்டி துள்ளுகிறது, தானியங்கி ஓட்டுநர் விமானத்தை ஒரு பக்கம் இழுக்கிறது, ஹெட்செட்டில் உறுமல் கேட்கிறது. அப்போது ரேடியோவையும் மின்கலத்தையும் எர்த் கம்பிகளையும் சந்தேகித்து ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். கோளாறோ எவரும் திறந்து பார்க்காத வால் தகட்டுக்குள், கேபிள் ஆன்டெனாவைத் தொடும் இடத்தில் இருக்கிறது. இந்த இயலில் செய்யப்போகும் பேலனுக்கு இரண்டு துண்டு கேபிளும் மூன்று சால்டர் இணைப்புகளும் போதும். எடை சுமார் 45 கிராம்தான் கூடும்.

இது யாருக்குத் தேவை

அலுமினியத் தோல் கொண்ட விமானத்தில் பேச்சு ரேடியோவுக்கு வைக்கும் ஒற்றைக் கம்பி ஆன்டெனாவுக்கு இது தேவையில்லை. அங்கே உலோகத் தோலே மறுபாதி ஆன்டெனாவாக வேலை செய்கிறது. கண்ணாடியிழை, மரம், துணி ஆகியவற்றால் ஆன விமானங்களில் அந்த உலோகப் பரப்பு இல்லாததால்தான் இரண்டு கைகள் கொண்ட இருமுனை ஆன்டெனா வருகிறது. பேலனும் அதனுடன் வருகிறது. கார்பன் இழை வானலைகளை மறைத்துவிடும் என்பதால் கார்பன் பாகத்துக்குள் ஆன்டெனாவையே வைக்க வேண்டாம்.

சான்றிதழ் பெற்ற விமானம் என்றால் இதைச் செய்து தன்னிச்சையாகப் பொருத்தக் கூடாது. அமெரிக்காவில் எஃப்ஏஏ, இந்தியாவில் டிஜிசிஏ விதிகளின்படி உரிமம் பெற்ற பராமரிப்பாளரின் பொறுப்பில்தான் அது நடக்க வேண்டும். இந்த நூல் சொந்தமாகக் கட்டப்படும் விமானங்களுக்கு உரியது.

கொஞ்சம் காரணம், மீதியெல்லாம் வேலை

கோஆக்சியல் கேபிளில் இரண்டு கடத்திகள் இருப்பதாகத்தான் நினைக்கிறோம். விமானப் பேச்சு ரேடியோவின் அதிர்வெண்களில் அது உண்மையல்ல. 127 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் ஏறத்தாழ 6 மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. ஆகவே பின்னல் உறையின் உட்பக்கம் ஒரு கடத்தி, வெளிப்பக்கம் இன்னொரு கடத்தி. மையக் கம்பியோடு சேர்த்தால் மூன்று. ரேடியோவிலிருந்து வரும் மின்னோட்டம் மையக் கம்பியிலும் உறையின் உட்பக்கத்திலும் சமமாக, எதிரெதிராக ஓடிவருகிறது. ஆன்டெனாவை அடைந்ததும் மையக் கம்பியின் ஓட்டத்துக்கு ஒரே வழி, அதன் கை. உறையின் ஓட்டத்துக்கு இரண்டு வழிகள்: தன் கைக்குள் போகலாம், அல்லது விளிம்பைச் சுற்றித் திரும்பி உறையின் வெளிப்பக்கமாக விமானி அறையை நோக்கி வரலாம். எவ்வளவு திரும்பி வரும் என்பதைக் கேபிளின் நீளமும், அது போகும் வழியும், பக்கத்தில் இருக்கும் பொருள்களும் தீர்மானிக்கின்றன.

இப்படித் திரும்பும் ஓட்டத்தால் கேபிளே ஆன்டெனாவின் மூன்றாவது கையாகிவிடுகிறது. சிறுவிமான ரேடியோக்கள் பொதுவாக 5 முதல் 10 வாட் வரை அனுப்புகின்றன. அதில் ஒரு பங்கு கருவிப் பலகைக்குப் பின்னாலிருந்து கிளம்பினால் என்ன ஆகும் என்பதை முதல் பத்தியில் பார்த்தோம். கேட்கும்போதும் இதே பாதை எதிர்த்திசையில் திறந்திருக்கிறது. மின்னும் விளக்கின் மின்வழங்கி, எரியூட்டும் மேக்னெட்டோ, திரைக்கருவி, கைபேசி சார்ஜர் ஆகியவற்றின் இரைச்சலைக் கேபிளின் வெளியுறை ஏந்திக்கொண்டுபோய் ஆன்டெனா முனையில் உள்ளே விடுகிறது. தொலைவிலிருந்து பேசும் நிலையம் அந்த இரைச்சலுக்குள் முழுகிப்போகும். பேலனின் வேலை இந்த மூன்றாவது கடத்திக்கு ஓட்டம் போகாமல் தடுப்பது, அவ்வளவுதான். எஸ்டபிள்யூஆர் எனும் நிலை அலை விகித எண்ணை அழகாக்குவது அதன் வேலை அல்ல.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பேலன் இல்லாமலே என் ஆன்டெனா 1.4 காட்டுகிறதே, எதற்கு இது என்ற கேள்வி எப்போதும் எழுகிறது. அந்த 1.4 உண்மையான அளவுதான், ஆனால் அது இரண்டு கைகளின் அளவு அல்ல, கேபிளையும் சேர்த்த மூன்று கைகளின் அளவு. கேபிளைக் கையால் பிடித்தால் எண் நகரும். கேபிளை வேறு வழியில் கொண்டுபோனால் மறுபடி நகரும். மேசையில் நன்றாக இருந்த ஆன்டெனா விமானத்துக்குள் போனதும் மாறிவிடுவது பெரும்பாலும் இதனால்தான். எஸ்டபிள்யூஆர் மீட்டர் எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்று மட்டுமே சொல்லும். போன ஆற்றல் எங்கிருந்து வெளியேறியது என்று அதற்குத் தெரியாது.

எந்தப் பேலன்

கோஆக்சியல் கேபிளிலேயே செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, அரை அலைநீளக் கேபிளை வளையமாக மடக்கிச் செய்வது. அது மின்மறுப்பை நான்கில் ஒன்றாகக் குறைக்கும். மடிப்பு இருமுனைக்குப் பொருந்தும். சாதாரண இருமுனையின் 70 ஓமை 17 ஓமாக்கி வேலையைக் கெடுக்கும். இரண்டாவது, கேபிளின் மேல் கால் அலைநீளத்துக்கு இன்னொரு பின்னல் உறையைப் போர்த்துவது. நல்ல முறைதான். ஆனால் அந்த உறையை ஒரே சீராக இழுத்துப் போர்த்துவதும், மேல்முனை எதையும் தொடாமல் காப்பதும் அதிர்வுள்ள இடத்தில் எளிதல்ல. மூன்றாவது, கேபிளை ஒட்டியே கால் அலைநீளத்துக்கு இன்னொரு துண்டைப் படுக்கவைப்பது. 1930களில் லண்டனில் தொலைக்காட்சி ஆன்டெனாக்களில் பணியாற்றி, பின்னாளில் ஆஸ்திரேலிய வானொலி வானியலை வளர்த்தெடுத்த ஜோசப் பாசியின் பெயரால் அது பாசி ஸ்டப் எனப்படுகிறது. நாம் செய்யப்போவது இதைத்தான்.

இதைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் சமச்சீர்மை. ஒரு கையோடு கேபிளின் வெளியுறை இணைந்திருக்கிறது; மறு கையோடு அதே பருமனுள்ள துண்டின் வெளியுறை இணைகிறது. இரண்டும் ஒன்றாக இறங்கி ஒரே புள்ளியில் சேர்கின்றன. ஒரு கையிலிருந்து வெளிப்பக்கமாக ஓட நினைக்கும் மின்னோட்டத்துக்கு மறு கையிலிருந்து சமமான எதிரோட்டம் வந்துவிடுவதால், சேரும் புள்ளிக்குக் கீழே மிஞ்சுவது ஏதுமில்லை. இந்தச் சமநிலை அதிர்வெண்ணைச் சார்ந்ததல்ல. கால் அலைநீளம் என்ற அளவு எதற்கென்றால், ஆன்டெனாவின் குறுக்கே தொங்கும் இந்த ஜோடி அதற்குப் பாரமாக இல்லாதிருக்க. கால் அலைநீளத்தில் கீழே குறுக்கிணைத்த ஜோடி மேலே திறந்த சுற்றுப்போல நடந்துகொள்ளும்.

அப்படியானால் ஒரே அதிர்வெண்ணில்தானே சரியாக இருக்கும் என்று கேட்கலாம். பேச்சு ரேடியோவின் பட்டை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுவில் 127க்கு வெட்டினால் இரு ஓரங்களிலும் விலகல் ஏழெட்டு விழுக்காடுதான். அங்கேயும் அந்த ஜோடி ஆன்டெனாவுக்குக் குறுக்கே சில நூறு ஓமுக்கு மேற்பட்ட மின்மறுப்பாகவே நிற்கும். 50 ஓம் சுற்றுக்கு அது பொருட்படுத்தத் தக்கதல்ல.

நீளம்: பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்

கேபிளின் தகவல் தாளில் திசைவேகக் காரணி என்று ஓர் எண் இருக்கும். ஆர்ஜி 58க்கு 0.66, ஆர்ஜி 400க்கு 0.695. கால் அலைநீளத்தை அந்த எண்ணால் பெருக்கி வெட்டுவது பரவலான பழக்கம். இந்தப் பேலனுக்கு அது தவறு. அந்த எண் கேபிளுக்குள்ளே, மையக் கம்பிக்கும் உறைக்கும் நடுவில் உள்ள காப்புப் பொருளில் ஓடும் அலைக்கு உரியது. அரை அலை வளையத்தில் சமிக்ஞை உள்ளேதான் ஓடுகிறது, ஆகவே அங்கே 1,180 மி.மீ.யை 0.695ஆல் பெருக்கி 820 மி.மீ. வெட்டுவது சரி. அந்தக் கணக்கையே இங்கேயும் கொண்டுவந்துவிடுகிறார்கள். பாசி ஸ்டபில் அலை ஓடுவது இரண்டு உறைகளின் வெளிப்பக்கங்களுக்கு இடையில். அங்கே இருப்பது இரண்டு மெல்லிய மேலுறைகளும் காற்றும். அலை கொஞ்சம்தான் மெதுவாகும்.

0.66 கணக்கில் வெட்டியும் வேலை செய்கிறதே என்றால், ஆம், செய்யும். சமச்சீர்மை அப்படியே இருப்பதால் கேபிளின் வெளிப்பக்கம் அமைதியாகவே இருக்கும். ஆனால் குட்டையான ஜோடி ஆன்டெனாவின் குறுக்கே 150 ஓம் அளவிலான தூண்டுச் சுருள்போல உட்கார்ந்துகொள்ளும். எஸ்டபிள்யூஆர் ஏறும். ஏறியதைக் கண்டு ஆன்டெனாவின் கைகளை வெட்டத் தொடங்குவார்கள். பேலனின் பிழைக்கு ஆன்டெனா தண்டனை பெறும். பிசினுக்குள் புதைந்துவிட்ட செம்பு நாடாவை மறுபடி நீட்ட முடியாது.

மேலுறை எவ்வளவு மெதுவாக்கும் என்பது கேபிளுக்குக் கேபிள் மாறும், இரண்டும் எவ்வளவு நெருங்கிப் படுத்திருக்கின்றன என்பதைப் பொறுத்தும் மாறும். ஆகவே ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். அதே கேபிளின் கழிவுத் துண்டில் ஓர் ஒத்திகை போதும்.

1. காற்றில் கால் அலைநீளம்: 127 மெகாஹெர்ட்ஸுக்கு 590 மி.மீ. இதுவே தொடக்க நீளம். நிஜ நீளம் இதைவிடக் குறைவாகத்தான் வரும்.
2. ஒரு கழிவுக் கேபிளின் ஒரு முனையில் பிஎன்சி இணைப்பியும், மறுமுனையில் பிரித்த மையக் கம்பியும் உறையும் இருக்கட்டும். பக்கத்தில் 620 மி.மீ. துண்டு ஒன்றைப் படுக்கவைத்து 50 மி.மீ.க்கு ஒரு கட்டுப் போடுங்கள்.
3. துண்டின் மேல்முனை உறையைப் பிரதான கேபிளின் மையக் கம்பியோடு சேருங்கள். மேல்முனையிலிருந்து 590 மி.மீ. தள்ளி இரண்டிலும் மேலுறையில் சிறு ஜன்னல் வெட்டி, இரு பின்னல்களையும் செம்புக் கம்பியால் இறுகச் சுற்றி இணையுங்கள்.
4. ஆன்டெனா வர வேண்டிய இடத்தில், மையக் கம்பிக்கும் உறைக்கும் குறுக்கே இரண்டு 100 ஓம் மின்தடைகளை இணையாக வையுங்கள். கால்கள் மிகக் குட்டையாக இருக்க வேண்டும்.
5. அளவுதிருத்தம் செய்த நானோவிஎன்ஏ போன்ற பகுப்பாய்வியில் 90 முதல் 150 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டிப் பாருங்கள். எஸ்டபிள்யூஆர் 1ஐ நெருங்கும் இடமே ஜோடியின் கால் அலை அதிர்வெண். பள்ளம் அகலமாக இருக்கும். அதனால் இரு பக்கமும் ஒரே அளவு காட்டும் இரண்டு அதிர்வெண்களைக் குறித்து நடுவை எடுங்கள்.
6. புதிய நீளம் = 590 × கிடைத்த அதிர்வெண் ÷ 127. உதாரணமாக 112இல் பள்ளம் வந்தால் 520 மி.மீ. அந்த இடத்தில் ஜன்னல் வெட்டி, கம்பியை அங்கே மாற்றிச் சுற்றி இன்னொருமுறை சரிபாருங்கள்.

ஐந்து, பத்து மில்லிமீட்டர் பிசகினால் கவலைப்பட வேண்டாம். 0.66ஆல் பெருக்குவதுபோன்ற பெரும் பிழையைத் தவிர்க்கத்தான் இந்த ஒத்திகை.

பொருள்களும் பாதுகாப்பும்

கேபிள் ஆர்ஜி 400ஆக இருக்கட்டும். ஆர்ஜி 58 மலிவு, ஆனால் அதன் பாலிஎத்திலீன் காப்பு சால்டர் சூட்டில் இளகி மையக் கம்பியை நகரவிடும். அதன் பிவிசி மேலுறை எரிந்தால் அடர்ந்த நச்சுப்புகை தரும். ஆர்ஜி 400இல் இரட்டைப் பின்னல், வெள்ளிப் பூச்சு, சூடு தாங்கும் டெஃப்லான் காப்பு. அதன் மையம் பல இழைகளால் ஆனது என்பதால் அதிர்வையும் தாங்கும். இவற்றோடு ரோசின் உள்ள 63/37 சால்டர், உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாய், கூர்மையான கத்தி, 350 டிகிரிக்கு வைக்கக்கூடிய சால்டரிங் அயன் ஆகியவை வேண்டும்.

சால்டர் வேலையை விமானத்துக்கு வெளியே, காற்றோட்டமுள்ள மேசையில் முடித்துவிடுங்கள். இறக்கை எரிபொருள் தொட்டிகளின் அருகே சூடான அயனைக் கொண்டுபோகக் கூடாது. டெஃப்லான் மிதமிஞ்சிச் சூடானால் வரும் ஆவி நுரையீரலுக்குக் கேடு. ஊதுவிளக்கு வேண்டாம். வேலை முடிந்து கை கழுவுவதற்கு முன் புகைபிடிக்கவும் வேண்டாம். கண்ணாடியிழையைத் தேய்க்கும்போது முகக்கவசம் அணியுங்கள்.

செய்முறை

1. பிரதான கேபிளின் மேல்முனையில் மேலுறையை 25 மி.மீ. நீக்குங்கள். கத்தி பின்னலைத் தொடக் கூடாது: மேலுறையை முக்கால் ஆழம் கீறி, வளைத்துப் பிளக்கவிடுங்கள். அறுந்த ஒவ்வோர் இழையும் பிற்பாடு அதிர்வில் முறியும் இடம்.
2. பின்னலைச் சீவிப் பிரித்து ஒரு பக்கமாக முறுக்குங்கள். மையக் கம்பியின் காப்பை 10 மி.மீ. நீக்குங்கள்.
3. ஒத்திகையில் கிடைத்த நீளத்தில், பின்னல் பிரியும் இடத்திலிருந்து அளந்து, பிரதான கேபிளின் மேலுறையை 10 மி.மீ. அகலத்துக்கு வளையமாக நீக்குங்கள். அங்கே பின்னலில் மெல்லிய சால்டர் பூச்சு போடுங்கள். அயன் மூன்று, நான்கு நொடிக்கு மேல் தங்க வேண்டாம்.
4. இரண்டாவது துண்டை அதே நீளத்தோடு இரு முனைக்கும் 15 மி.மீ. சேர்த்து வெட்டுங்கள். மேல்முனையில் அதன் மையக் கம்பியையும் பின்னலையும் சேர்த்து முறுக்குங்கள். கீழ்முனையில் மையக் கம்பியைக் காப்போடு வெட்டிவிட்டுப் பின்னலை மட்டும் விடுங்கள்.
5. கீழ் இணைப்பில் துண்டின் பின்னலைப் பிரதான கேபிளின் வளையத்தைச் சுற்றிக் கட்டி வையுங்கள். இன்னும் சால்டர் வேண்டாம்.
6. மேலே, பிரதான கேபிளின் பின்னலை முதல் கைக்கும், மையக் கம்பியை இரண்டாவது கைக்கும் சால்டர் செய்யுங்கள். துண்டின் மேல்முனையும் இரண்டாவது கைக்கே, அதாவது மையக் கம்பி போகும் கைக்கே போக வேண்டும். முதல் கைக்குப் போட்டால் அது வெறும் கூடுதல் கேபிள், பேலன் அல்ல. மிக அதிகம் நடக்கும் தவறு இது.
7. கீழ்க் கட்டை அவிழ்த்து மல்டிமீட்டரால் பிஎன்சி முனையைச் சோதியுங்கள். மையத்துக்கும் உறைக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. இருந்தால் மேல் இணைப்பில் எங்கோ இழை தொடுகிறது.
8. சரியாக இருந்தால் மட்டும் கீழ் இணைப்பைச் சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். குழாயை முன்கூட்டியே கேபிளில் கோத்து வைக்க மறக்க வேண்டாம்.

ஏழாவது படியை யாரும் தாண்டிப்போகக் கூடாது. காரணம், எட்டாவது படி முடிந்ததும் மல்டிமீட்டர் முழுக் குறுக்குச்சுற்றைக் காட்டும். மையக் கம்பி இரண்டாவது கைக்கும், அங்கிருந்து துண்டின் உறை வழியே கீழ் இணைப்புக்கும், அங்கிருந்து பிரதான உறைக்கும் போய்விடுகிறது. நேர்மின்னோட்டத்துக்கு இது குறுக்குச்சுற்று, 127 மெகாஹெர்ட்ஸுக்கு அல்ல. இப்படித்தான் இருக்க வேண்டும். ஆன்டெனாவில் சேரும் நிலைமின்னூட்டம் இறங்கவும் இது வழிவிடுகிறது. விவரம் தெரியாதவர் பிற்காலத்தில் மீட்டரை வைத்துப் பார்த்துக் கேபிள் பழுது என்று வால் தகட்டை அறுத்துவிடக்கூடும். ஆகவே ரேடியோப் பக்க முனையில் ‘மீட்டரில் ஷார்ட் காட்டும், பழுதல்ல’ என்று எழுதி ஒட்டுங்கள், விமானப் பதிவேட்டிலும் எழுதுங்கள்.

குறிப்பு: சால்டர் ஏறிய இழைகள் விறைத்துவிடும், விறைப்பு முடியும் இடத்தில்தான் அதிர்வு அவற்றை முறிக்கும். அந்த இடத்துக்கு இரு பக்கமும் கேபிள் அசையாதபடி கட்டுப் போடுங்கள். சிலிக்கோன் பசை பூசினால் புளிப்பு வாடை அடிக்காத வகையைத் தேர்ந்தெடுங்கள். வாடை அடிப்பது அசெட்டிக் அமிலம், செம்பை அரிக்கும்.

விமானத்துக்குள் வைப்பது

பேலன் ஜோடி ஆன்டெனாவின் கைகளுக்குச் செங்குத்தாக வெளியேற வேண்டும். கைகள் மேலும் கீழும் என்றால் கேபிள் முன்னோக்கிக் கிடைமட்டமாகப் போகட்டும், குறைந்தது பேலன் முடியும்வரை. கீழ்க் கையை ஒட்டியே கேபிளை இறக்கினால் கையிலிருந்து அதன் வெளிப்பக்கத்தில் ஓட்டம் தூண்டப்படும், அதை எந்தப் பேலனும் தடுக்காது. ஜோடியை மடித்துச் சுருட்ட வேண்டாம். திசைத்தகட்டுக் கம்பி, விளக்குக் கம்பிகள் ஆகியவற்றிலிருந்து ஒதுக்கி வையுங்கள்.

இத்தனை சிரமத்துக்குப் பதில் கேபிளில் ஃபெரைட் வளையங்களைக் கோத்துவிட்டால் என்ன என்பது நியாயமான கேள்வி. விமான வடிவமைப்பாளர் பர்ட் ருட்டானின் வேரி ஈஸி விமானக் காலத்திலிருந்து கண்ணாடியிழை விமானங்களுக்குச் செம்பு நாடா ஆன்டெனாக்களை வகுத்துத் தந்த ஜிம் வீர் அந்த வழியைத்தான் காட்டினார். அப்படிக் கட்டிய விமானங்கள் பல பத்தாண்டுகளாகப் பறக்கின்றன. இடம் குறுகலாக இருந்து கால் அலைநீளத்துக்கு நேராக வைக்க முடியாதபோது ஃபெரைட்டே சரியான விடை. ஆனால் எந்த வளையமும் ஆகாது. இந்தப் பட்டைக்கு உரிய கலவையாக, உதாரணமாக 43 வகையாக, இருக்க வேண்டும். கடையில் கலவைப் பெயரின்றிக் கிடைக்கும் வளையம் 127 மெகாஹெர்ட்ஸில் என்ன செய்யும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அது உடையக்கூடியதும்கூட. காந்தத் திசைகாட்டியின் உணரி வாலில் இருந்தால் பக்கத்தில் வைக்கவும் கூடாது. கேபிளின் பேலன் தன் சமநிலையை வடிவத்திலிருந்தே பெறுகிறது, அந்த வடிவத்தை அளவுகோலால் சரிபார்த்துவிடலாம். கேபிள் போகும் வழி செங்குத்தாக அமையாத விமானத்தில் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள்: கீழ் இணைப்பைத் தாண்டி இரண்டு மூன்று வளையங்கள்.

சோதனை

1. பகுப்பாய்வியில் 118 முதல் 137 வரை ஓட்டுங்கள். நடுவில் 1.5ஐ ஒட்டியும், ஓரங்களில் 2க்குள்ளும் இருந்தால் போதும். கைகளை வெட்ட வேண்டியிருந்தால் இரண்டிலும் சமமாக, ஒருமுறைக்கு 5 மி.மீ. வெட்டுங்கள்.
2. பகுப்பாய்வி ஓடிக்கொண்டிருக்கும்போதே, கீழ் இணைப்புக்கு அப்பால் கேபிளைக் கையால் பற்றி ரேடியோ முனைவரை மெல்ல நகர்த்துங்கள். கோடு அசையக் கூடாது. 0.1க்கு மேல் ஏறி இறங்கினால் வெளிப்பக்கத்தில் ஓட்டம் இருக்கிறது. செய்முறையின் ஆறாவது படியையும் கேபிளின் வழியையும் திரும்பப் பாருங்கள். நல்ல எஸ்டபிள்யூஆர் கிடைத்திருந்தாலும் இதில் தேறாதவரை வால் தகட்டை மூட வேண்டாம்.
3. ரேடியோவை இணைத்து, அனுமதி பெற்ற அலைவரிசையில் குறுகிய நேரம் பேசிப் பாருங்கள். 121.5 அவசர அலைவரிசை, அதைத் தொடவே கூடாது. அருகில் எரிபொருள் நிரப்பும் வேலை நடக்கக் கூடாது, ஆன்டெனாவை யாரும் தொட்டுக்கொண்டிருக்கவும் கூடாது.
4. பேசும்போது எல்லாக் கருவிகளும் இயங்கட்டும். தானியங்கி ஓட்டுநர், எரிபொருள், வெப்ப அளவுகாட்டிகள், திரை ஆகியவற்றை இன்னொருவர் கவனிக்கட்டும். 118, 127, 136 என மூன்று இடங்களின் அருகிலும் செய்யுங்கள். ஒன்றில் அமைதியாக இருக்கும் கருவி இன்னொன்றில் துள்ளலாம்.
5. இயந்திரத்தை ஓட்டி, விளக்குகளையும் சார்ஜரையும் ஒவ்வொன்றாகப் போட்டு, தானாக ஒலியடக்கும் ஸ்க்வெல்ச்சைத் திறந்துவைத்துக் கேளுங்கள். எதைப் போட்டதும் இரைச்சல் கூடுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பேலன் சரியாக இருந்தும் இரைச்சல் வந்தால் அது மின்கம்பி வழியாக வருகிறது. அதை அடுத்த இயலில் கவனிப்போம்.